100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் பின் அறையில் வீடியோ சுத்துதா? கரண்ட் வயர் வழியாகவே நெட் கொண்டுபோகலாம்... ஆனால் எல்லா வீட்டுக்கும் செட் ஆகுமா?

வெள்ளிக்கிழமை மதியம். குவைத்தில் வேலை பார்க்கும் பேரன் வீடியோ காலில் வருகிறார். முன் ஹாலில் நின்று பேசும்வரை படம் கண்ணாடி மாதிரி தெளிவு. போனை எடுத்துக்கொண்டு, பின் அறையில் படுத்திருக்கும் ஆச்சியிடம் போனதும் படம் உறைந்துவிடுகிறது. "மக்களே, உன் மொகம் அப்படியே நின்னு போச்சே" என்கிறார் ஆச்சி. அவரால் எழுந்து ஹாலுக்கு வர முடியாது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. ஆச்சிக்குப் பதிலாக அந்தப் பின் அறையில் ஆன்லைன் தேர்வு எழுதும் மகள் இருக்கலாம். வெளிநாட்டு மருத்துவமனை நேர்காணலுக்குக் காத்திருக்கும் செவிலியர் இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி ஊழியர் இருக்கலாம்.

நெட் சுத்தினால் நம்மில் பலர் உடனே செய்வது என்ன? 100 எம்பிபிஎஸ் பிளானை 200, 300 என்று ஏத்திவிடுவோம். மாதாமாதம் பில் கூடும். பின் அறையில் வீடியோ அப்போதும் சுத்தும்!

காரணம் ரொம்ப எளிது. வாசல் வரை வேகம் வந்துவிட்டது. வாசலிலிருந்து பின் அறைக்குப் போகத்தான் வழி இல்லை. அந்த வழியைப் போட என்னென்ன இருக்கு? இப்போது ஆன்லைன் கடைகளில் விற்கும் 'பவர்லைன் அடாப்டர்' நம்ம ஊர் வீடுகளுக்கு உதவுமா? முழு விவரத்தைப் பார்க்கலாம்.

முதலில் கண்டுபிடிங்க: வேகம் எங்கே குறையுது?

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. ரவுட்டருக்குப் பக்கத்தில், இரண்டு அடி தூரத்தில் நின்று ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். டிராய் அமைப்பின் மைஸ்பீடு செயலியும் இருக்கிறது, வேறு எந்த நம்பகமான செயலியும் போதும். லேப்டாப் இருந்தால் லேன் கேபிளை நேரடியாகச் சொருகிப் பார்ப்பது இன்னும் துல்லியம்.

2. பிரச்னை உள்ள அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதே போனில் அதே டெஸ்ட்டைத் திரும்பவும் போடுங்கள்.

3. காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று நேரமும் பார்த்து எழுதி வையுங்கள்.

ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் குறைவு என்றால் பிரச்னை வெளியே. இணைப்பு கொடுத்த நிறுவனத்தில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இந்த இரண்டு கட்ட முறை டிராய் விதிகளில் இருப்பது.

ரவுட்டர் பக்கத்தில் 90, பின் அறையில் 5 என்று வந்தால்? பிரச்னை வீட்டுக்குள்ளே. பிளானை மாற்றிப் பயனில்லை. மீதிக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். பிராட்பேண்ட் என்று சொல்ல ஒரு இணைப்புக்கு குறைந்தது எவ்வளவு வேகம் இருக்கணும் என்று மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் அது 256 கேபிபிஎஸ். பிறகு 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்ந்தது. இந்தக் கணக்கு எல்லாம் உங்கள் வீட்டுக்கு வரும் லைனுக்கு மட்டும்தான். வீட்டுக்குள்ளே அடுக்களையில் எவ்வளவு வருகிறது என்று எந்த விதியும் கேட்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை?

ஒரு வீடியோ காலுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்கிறது.

ஆக ஆச்சியின் அறைக்கு 100 எம்பிபிஎஸ் வேண்டாம். விட்டு விட்டு வராமல், சீராக 10 வந்தாலே போதும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் காட்டும் பெரிய பெரிய எண்களைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். போனில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 எம்பி இறங்கினால் அது முழு வேகம். "பன்னெண்டுதான் வருது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம்!

குமரி வீட்டுச் சுவர் செய்யும் வேலை

வைஃபை என்பது ரேடியோ அலை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கொஞ்சம் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும்.

இப்போது நம்ம ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் வெட்டுக்கல்லில் கட்டிய பழைய வீடுகள். கருங்கல் அஸ்திவாரமும் தடித்த சுவரும் உள்ள தரவாட்டு வீடுகள். சுசீந்திரம், வடிவீஸ்வரம் பக்கம் முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும் நீள வீடுகள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த இரண்டு, மூன்று மாடி கான்கிரீட் வீடுகள்.

கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி... இவை எல்லாமே வைஃபை அலையைத் தடுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரம் ஊறிய சுவர், காய்ந்த சுவரைவிடக் கூடுதலாக அலையை உறிஞ்சும்.

இத்தனைக்கும் நடுவில் ரவுட்டர் எங்கே இருக்கும்? ஃபைபர் வயர் உள்ளே நுழைந்த ஜன்னல் ஓரத்தில். இல்லாவிட்டால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால். வேகத்தில் பாதி தெருவுக்குப் போகிறது!

காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

- ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக இணைப்பு வாங்கும்போதே "வயரை நடு அறை வரை இழுத்துத் தாங்க" என்று கேளுங்கள். கூடுதல் வயருக்குக் கொஞ்சம் பணம் கேட்டாலும் அது வீண் செலவு இல்லை.

- ஃபைபர் வயரை மூலையில் கூர்மையாக மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ரவுட்டரில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உள்ளே வரவில்லை என்று அர்த்தம். வயர் எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம்.

- மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் ரவுட்டர் வேண்டாம். அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமே இயங்குவதால் இடைஞ்சல் வரும்.

- ரவுட்டர் பழையது என்றால் அதன் லேன் போர்ட்டைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வகை போர்ட் என்றால் 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அந்த ஓட்டையில் 95-ஐத் தாண்டாது.

இதையெல்லாம் செய்து பார்த்தும் பின் அறைக்கு எட்டவில்லையா? அப்போதுதான் அடுத்த கட்டம்.

பவர்லைன் அடாப்டர்: கரண்ட் வயரில் நெட் எப்படிப் போகும்?

கேட்கும்போது ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் யோசனை பழையது. பெரிய துணை மின்நிலையங்களில் உயரழுத்த லைன் உள்ளே வரும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒரு கம்பிச்சுருள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மின்நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அதே மின்கம்பியில் சிக்னல் அனுப்பும் ஏற்பாட்டின் பகுதி அது. அதே வித்தையின் வீட்டு வடிவம்தான் பவர்லைன் அடாப்டர்.

நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை மட்டும் அசையும் அலை. அடாப்டர் அதே வயரில் நொடிக்குப் பல லட்சம், பல கோடி முறை அசையும் நுண்ணிய அலைகளை ஏற்றுகிறது. வேகம் இவ்வளவு வித்தியாசப்படுவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மறுமுனையில் உள்ள அடாப்டர் கரண்ட்டை விட்டுவிட்டு டேட்டாவை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

பயன்படுத்துவது எளிது. இரண்டு அடாப்டர்கள் சேர்ந்த ஜோடியாக வரும். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் சொருகி, லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றைப் பின் அறை பிளக்கில் சொருக வேண்டும். இரண்டிலும் 'பேர்' பட்டனை அழுத்தினால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பின் அறையில் அதிலிருந்து கேபிள் எடுத்து டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ கொடுக்கலாம். வைஃபை உள்ள மாடல் என்றால் அங்கேயே புது வைஃபை கிடைக்கும். சுவர் இடிக்க வேண்டாம், புது வயர் இழுக்க வேண்டாம்.

பெட்டியில் 600, 1000... கையில் எவ்வளவு?

இங்கேதான் பலர் ஏமாறுவது. பெட்டி மேல் 'ஏவி600', 'ஏவி1000' என்று எழுதியிருக்கும். அது இரண்டு திசையையும் கூட்டி, ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச எண். வீட்டில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். 'ஏவி600' மாடல்கள் பலவற்றில் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். அப்படியென்றால் எவ்வளவு நல்ல வயரிங் இருந்தாலும் நூறைத் தாண்ட வழியே இல்லை.

நல்ல வயரிங் உள்ள வீட்டில் பல பத்து எம்பிபிஎஸ் சீராக வரலாம். மோசமான வயரிங் என்றால் 10-க்கும் கீழே போகலாம். பக்கத்து வீட்டில் நன்றாக வேலை செய்தது உங்கள் வீட்டில் வேலை செய்யாமலும் போகலாம். அதனால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

எந்த வீட்டில் வேலை செய்யும்? எதில் செய்யாது?

மூன்று ஃபேஸ் வீடா? பெரிய வீடுகளுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும். கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி இன்னொரு ஃபேஸ் என்று எலக்ட்ரீசியன் பிரித்திருப்பார். இரண்டு அடாப்டரும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னல் மிகவும் பலவீனமாகும், அல்லது போகவே போகாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எப்போதாவது ஒரு ஃபேஸ் போய், வீட்டில் பாதி லைட் எரியும், பாதி எரியாது அல்லவா? அன்று ஹால் பிளக்கும் பின் அறை பிளக்கும் சேர்ந்து அணைந்தால் இரண்டும் ஒரே ஃபேஸ். இல்லையென்றால் எலக்ட்ரீசியனிடம் கேட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கா? நம்ம ஊரில் காற்று மழை வந்தால் கரண்ட் போகும் என்பதால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும். லைட், ஃபேன், ஒன்றிரண்டு பிளக் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மற்றவை நேர் லைனில். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தால் சிக்னல் இன்வெர்ட்டருக்குள்ளே புகுந்து வரவேண்டியிருக்கும், பாதி வழியில் தேய்ந்துவிடும். கரண்ட் போன நேரத்தில் நேர் லைன் அடாப்டர் அணைந்தே போகும். இரண்டும் ஒரே லைனில் இருப்பது முக்கியம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஸ்பைக் கார்டு, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் எல்லாம் வயரில் வரும் தேவையற்ற அலைகளை வடிகட்டத்தான் செய்யப்பட்டவை. அடாப்டர் அனுப்பும் டேட்டாவையும் தேவையற்ற அலை என்று நினைத்து வடிகட்டிவிடும். சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள்.

அக்கம்பக்கத்து இரைச்சல். மலிவான போன் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வயரில் இரைச்சலைக் கிளப்பும். காலையில் சட்னி அரைக்கும்போது மட்டும் நெட் தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். அடாப்டருக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜரைச் சொருகாமல் இருந்தாலே கொஞ்சம் மாற்றம் தெரியும்.

எர்த் இருக்கா? புதிய மாடல்கள் சில, மூன்றாவது பின்னான எர்த் வயரையும் சேர்த்துப் பயன்படுத்தி வேகம் கூட்டும். எர்த் சரியாக இல்லாத பழைய வீட்டில் அந்தப் பலன் கிடைக்காது. எர்த் இல்லாதது நெட் வேகத்தைவிடப் பெரிய பிரச்னை, உயிர்ப் பிரச்னை. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

1. பின் வகை: வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவரும் அடாப்டரில் பெரும்பாலும் மூன்று சதுரப் பின் இருக்கும். நம்ம பிளக்கில் ஏறாது. கன்வெர்ட்டர் போட்டால் தொடர்பு தளர்வாகி சிக்னலும் குறையும், சூடாகவும் வாய்ப்பு உண்டு.

2. போர்ட்: உங்கள் பிளான் 100-க்கு மேல் என்றால் ஜிகாபிட் போர்ட் உள்ள மாடலாகப் பாருங்கள்.

3. குடும்பம்: பவர்லைனில் 'ஹோம்பிளக் ஏவி', 'ஜி.எச்.என்' என இரண்டு தனித்தனித் தொழில்நுட்பங்கள் உண்டு. ஒன்றோடு ஒன்று பேசாது. பின்னால் மூன்றாவது அடாப்டர் வாங்கும்போது அதே வகையாகத்தான் வாங்க வேண்டும்.

4. ரகசியக் குறியீடு: அடுக்குமாடிக் குடியிருப்பில் சிக்னல் பக்கத்து வீட்டு வயருக்கும் கசியலாம். பேர் பட்டனை அழுத்தி உங்கள் ஜோடிக்கென்று தனிக் குறியீடு உருவாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தாமல் அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

பவர்லைன் இல்லாமல் வேறு என்ன வழி?

லேன் கேபிள்: வயர் இழுக்க முடிந்த வீட்டில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் 100 மீட்டர் தூரம் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். நாஞ்சில் நாட்டின் நீளமான வீட்டுக்கும் இது தாராளம். செம்புக் கேபிளா, அலுமினியத்தில் செம்பு பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். செம்புதான் நல்லது. கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளை விடக்கூடாது. புது வீடு கட்டுகிறீர்களா? ஒவ்வொரு அறைக்கும் ஒரு காலி பைப் போட்டு வையுங்கள். பூச்சு முடிந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

பழைய ரவுட்டர்: அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரைப் பின் அறையில் வைத்து, லேன் கேபிளால் இணைத்து, அதில் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட்டால் புது வைஃபை மையம் தயார். ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைத் தவிர செலவு இல்லை.

மெஷ் வைஃபை: இரண்டு, மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தரும். நடந்துகொண்டே பேசினாலும் கால் அறுவது குறைவு. நிறைய பேர் செய்யும் தவறு, இரண்டாவது பெட்டியை நெட் வராத அறையிலேயே வைப்பது. அதற்கே சிக்னல் வராதபோது அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். கல் சுவர் வீட்டில் மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால்தான் முழுப் பலன்.

ரிப்பீட்டர்: விலை குறைவு. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பிக் கொடுக்கும் சாதாரண மாடலில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வாட்ஸ்அப், யூடியூப் போதும் என்பவர்களுக்கு மட்டும்.

டிவி கேபிள் வழியாக: கேபிள் டிவி வயரில் நெட் அனுப்பும் 'மோகா' தொழில்நுட்பம் அமெரிக்காவில் பிரபலம். நம்ம ஊரில் அந்தக் கருவி கிடைப்பது அரிது. டிஷ் ஆன்டெனாவிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் வயரில் இதைச் சேர்த்து விட முடியாது. இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் மோதிக்கொள்ளும்.

5ஜி வீட்டு இணைப்பு: பேச்சிப்பாறை, கடையால் மாதிரி மலையடிவாரப் பகுதிகளில் ஃபைபர் இழுப்பது சிரமமாக இருக்கும் வீடுகளுக்கு இதுவும் ஒரு வழி. மாடியில் அல்லது வெளிச்சுவரில் ஒரு பெட்டி வைத்து 5ஜி சிக்னலை வாங்கித் தருவார்கள். ஆனால் இது வாசல் வரைக்குமான தீர்வு. வீட்டுக்குள்ளே சுவர் தடுத்தால் மேலே சொன்னவைதான் மறுபடியும்.

இடி மின்னல் நேரத்தில் உஷார்!

சித்திரை, வைகாசி கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையிலும் மின்னல் அதிகம். கரண்ட் வயரில் நேரடியாகச் சொருகியிருக்கும் பவர்லைன் அடாப்டருக்கு ஸ்பைக் கார்டு பாதுகாப்பும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். இடி கேட்டதும் அடாப்டரையும் ரவுட்டரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் போர்டிலேயே மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி பொருத்த முடியுமா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்பது நல்லது.

வீட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கோ, எதிரே உள்ள தம்பி வீட்டுக்கோ செம்பு லேன் கேபிளை வெளியே தொங்கவிட்டு இழுக்காதீர்கள். மின்னலின் தாக்கம் அந்தக் கம்பி வழியாக இரண்டு வீட்டுக் கருவிகளுக்கும் பாயும். வெளியே இழுப்பதற்கு ஃபைபர் வயர்தான் பாதுகாப்பு. ஆனால் வலுவுக்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஃபைபர் வயரும் உண்டு. கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபைபரோ, பவர்லைனோ, மெஷ்ஷோ, எல்லாமே கரண்ட்டை நம்பியவை. ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ் வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் மினி யுபிஎஸ் தரும் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் போனில் மொபைல் டேட்டாவும் சார்ஜும் தயாராக இருக்கட்டும்.

சுருக்கமாக: யாருக்கு எது?

- ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லை: எதையும் வாங்காதீர்கள். புகார் கொடுங்கள்.
- சொந்த வீடு, வயர் இழுக்கலாம்: லேன் கேபிளும் பழைய ரவுட்டரும்.
- புது வீடு கட்டுகிறோம்: அறைதோறும் காலி பைப்.
- ஓட்டு வீடு, மெல்லிய சுவர்: ரவுட்டரை நடுவில் வைத்தாலே பெரும்பாலும் போதும்.
- மாடி வீடு, பல அறைகளில் பயன்பாடு: மெஷ், முடிந்தால் கேபிள் இணைப்போடு.
- வாடகை வீடு அல்லது தடித்த கல் சுவர், சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை, ஒரே ஒரு அறைக்கு மட்டும் நெட் வேணும், வயரிங் நல்லா இருக்கு, இரண்டு பிளக்கும் ஒரே லைன்: இந்த இடத்தில்தான் பவர்லைன் அடாப்டர் தன் வேலையைக் காட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர்லைன் அடாப்டர் போட்டால் கரண்ட் பில் எகிறுமா?
இல்லை. ஒரு அடாப்டர் எடுத்துக்கொள்வது சில வாட் மட்டுமே. ஒரு சிறிய எல்இடி பல்பு அளவுதான்.

இதைப் போட்டால் 100 எம்பிபிஎஸ் பிளான் 200 ஆகுமா?
ஆகாது. எந்த அடாப்டரும் வரும் வேகத்தைக் கூட்டாது. வந்த வேகத்தை உள்ளே கொண்டுபோக மட்டும்தான் உதவும்.

ஒரே ஒரு அடாப்டர் வாங்கினால் போதுமா?
போதாது. குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க.

ஷாக் அடிக்குமா?
மூடிய பெட்டியாகத்தான் வரும். போன் சார்ஜர் சொருகுவது போலத்தான். ஆனால் ஈரக் கையோடு தொடுவது, தளர்ந்த பிளக்கில் சொருகுவது, உடைந்த பெட்டியைப் பயன்படுத்துவது கூடாது.

கோழிக்கூண்டுப் பக்கம் உள்ள கேமராவுக்குப் பயன்படுமா?
அந்த இடத்துக்கு அதே மீட்டரிலிருந்து, அதே ஃபேஸில் லைன் போயிருந்தால் பயன்படும். தனி மீட்டர் என்றால் எதிர்பார்க்க வேண்டாம். மழை படாத இடத்தில்தான் அடாப்டர் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாத பில் கட்டும்போது பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி போன் வந்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். போனை எடுத்துக்கொண்டு ஆச்சி படுத்திருக்கும் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அந்த அறையில் சீராக 10 எம்பிபிஎஸ் வர என்ன செய்யணுமோ, அதற்கு மட்டும் பணம் செலவழியுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பேரன் முகம் நின்றுபோகாமல் பேசும்.